கயாவில் விட்ட கோபம்

எங்கள் அக்கா தன் கோபத்தைக் கயாவில் விட்டுவிட்டு வந்தவள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தவள்தான், அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணனின் மனைவி. ராசிபுரத்தில் நாமக்கல் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒரு மைல் மண்ரோட்டில் நடந்தால் எங்கள் காடு வரும். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் கரும்பும் கொஞ்சம் நெல்லும். காட்டுக்கு நடுவில் வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது மாமியார் உயிரோடு இருந்தார். ஆனால் வீட்டை நடத்தியது மாமியார் இல்லை, அக்காவின் தொண்டை.

அப்படி ஒரு தொண்டையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சோளக்காட்டில் குருவி விரட்டத் தனியாக ஆள் வைக்க வேண்டாம், அண்ணி வாசலில் நின்று யாரையாவது திட்டினால் போதும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒரு தடவை பஸ்காரர் எங்கள் நிறுத்தத்தில் நிறுத்தாமல் அரை மைல் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். அக்கா இறங்கவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டு நாமக்கல் வரைக்கும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். டிக்கெட் கேட்க அந்த மனுஷனுக்குத் தைரியம் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் நிறுத்தத்தில் கை காட்டாமலே பஸ் நின்றது.

அவள் திட்டில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. எதிராளி போன மாதம் என்ன செய்தான், அதை யாரிடம் எப்படி மறைத்தான், அதற்கு முந்தின வருஷம் என்ன செய்தான் என்று வரிசையாக வரும். எல்லாம் உண்மையாக இருக்கும். அதனால்தான் அத்தனை பயம்.

அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குப் பெரிய காவலாக இருந்தது. கிணறு எங்களுக்கும் பங்காளி ஒருத்தருக்கும் பொது. மோட்டாருக்குக் கரண்ட் வருகிற நேரமே கொஞ்சம், அதில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அக்கா வரப்பில் நிற்கிறாள் என்றால் பங்காளி தன் முறை முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே மடையை அடைத்துவிடுவார். அக்காவின் வீட்டுக்காரர்கூடப் பொழுது இறங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அண்ணனை மச்சாண்டார் என்போம். தம்பி பெண்டாட்டி மச்சாண்டார் எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவர் முன்வாசலில் நுழைந்தால் நான் பின்வாசலுக்குப் போய்விடுவேன். அவரிடம் எனக்கு ஏதாவது ஆக வேண்டும் என்றால் அக்கா மூலமாகத்தான் ஆகும். என் கல்யாணத்தில் தொடங்கி, நான் சொல்லப்போகும் அந்த நாள் வரைக்கும் நான் அவரிடம் நேராக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மாமியார் இறந்த மறுவருஷம் மச்சாண்டாரும் அக்காவும் சேலத்திலிருந்து இருபது பேரோடு ரயிலேறிக் காசி யாத்திரை போனார்கள். அக்காவுக்கு ஒரே பெண், அப்போது ஒன்பது வயது. நாங்கள் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவையும் மாடு கன்றையும் பார்த்துக்கொள்ள என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த யாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. கயாவில் ஆலமரத்தடியில் பெரியவர்களுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், தனக்குப் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் இனி ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று சொல்லி விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் ஊரில் போய் வந்தவர்களில் மாம்பழத்தை விட்டவர் யாரும் கிடையாது. மச்சாண்டார் பாகற்காயையும் இலந்தைப்பழத்தையும் விட்டார். இரண்டையும் அவர் சின்ன வயதிலிருந்தே தொட்டதில்லை.

அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை. காசியில் தங்கிய சத்திரத்தில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு சந்நியாசி பேசினாராம். பிடிக்காத காயை விடுவதில் என்ன துறவு இருக்கிறது, விட வேண்டியது காய் இல்லை, காமத்தையும் குரோதத்தையும் லோபத்தையும் அல்லவா விட வேண்டும் என்றாராம். இதை எல்லாப் பிரசங்கத்திலும் சொல்வதுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஆலமரத்தடியில் என்ன விடுகிறாய் என்று சடங்கு செய்துவைக்கும் பண்டா கேட்டபோது, கோபத்தை விட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவருக்கு அரைகுறைத் தமிழ். அது ஏதோ காயின் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர்கள் திரும்பி வருவதற்குப் பத்து நாள் முன்னால் அக்காவின் பெரிய ஊறுகாய் ஜாடியை நான் போட்டு உடைத்திருந்தேன். வந்ததும் என்ன நடக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தாள், ஜாடி இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் சொம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கன்னம் உப்ப வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் புழக்கடைக்குப் போய்க் கறிவேப்பிலைச் செடியில் துப்பிவிட்டு வந்து, கையைக் கிழித்துவிடவில்லையே என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். நான் சிரித்தேன். மச்சாண்டாருக்கு என்னைவிடப் பெரிய சிரிப்பு, கூடத்திலிருந்து கேட்டது. சிரித்து முடித்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். அம்மாவுக்கு வைத்த பிண்டத்தோடு சேர்த்து விட்டது இது. திரும்ப எடுத்தால் பிண்டம் அம்மாவுக்குப் போய்ச் சேராது. இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அவரே அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்கா முகம் வெளுத்துப்போனது. மாமியார்மேல் அவளுக்கு உயிர்.

ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பங்காளி முதலில் பத்து நிமிஷம் அதிகமாகப் பாய்ச்சினார், பிறகு அரை மணி, பிறகு அக்கா எதிரே நிற்கும்போதே எங்கள் மடையை அடைத்தார். அக்கா வரப்பில் கன்னம் உப்ப நின்றாள். பஸ் மறுபடியும் அரை மைல் தள்ளி நிற்க ஆரம்பித்தது. மச்சாண்டார் ராசிபுரத்தில் சீட்டாடும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் வீட்டில் சத்தம் என்பதே கிடையாது என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். அவளிடம் கொஞ்சம் அடக்கமாக இருந்தவர்கள் எல்லோரும் வாலை அவிழ்த்துவிட்டார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? காலையில் முன்னைவிட ஒரு மணி நேரம் கழித்து எழுந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் பதறவில்லை. எனக்கு என் வீட்டுக்காரர்மேல் கோபம் வந்தால் அதை அக்காமேல் காட்டினேன். அவளிடம் காட்டினால் திரும்பி வராது அல்லவா. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் யோக வகுப்பு நடக்கும். சேலத்திலிருந்து ஒரு சாமியார் பஸ்ஸில் வருவார். சாமியார் என்றாலும் கலகலப்பானவர், நாற்பது வயது இருக்கும், நெய் வியாபாரிகளும் தறிக்காரர்களும் ஆசிரியைகளுமாக முப்பது பேர் வருவார்கள். மூச்சை எப்படி இழுப்பது, எப்படி நிறுத்துவது, எப்படி விடுவது என்று காட்டுவார். பிறகு ஒரு மணி நேரம் பேசுவார். அகிம்சை என்பது கையால் அடிக்காமல் இருப்பது மட்டும் இல்லை, வாயாலும் மனத்தாலும் நோகடிக்காமல் இருப்பது என்பார். அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். வாயில் தண்ணீர் வைத்தால் சத்தம்தான் நிற்கிறது, உள்ளே வருவது நிற்கவில்லை என்று அவரிடம் கேட்கவே போனாள்.

அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். கோபம் வந்தால் சண்டை போடாதே, அது வாசலுக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொள், யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரி, விசாரித்தால் அதுவே போய்விடும் என்றார். இதையும் அக்கா அப்படியே எடுத்துக்கொண்டாள். மாட்டுக் கொட்டகையில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, எங்கிருந்து வாறீங்க?" என்று அவள் மரியாதையாகக் கேட்பதை நான் எத்தனையோ தடவை காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

பலன் இல்லாமலும் இல்லை. இரண்டாவது வருஷம் ஒரு நாள் கிணற்றுமேட்டிலிருந்து வந்தவள், அரை மணி நேரம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது, நல்லாயிருந்தது என்று சொன்னாள். முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு. அந்த அரை மணி நேரம் பொய் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் பங்காளி எங்கள் முறைத் தண்ணீரை முழுசாகத் திருப்பிக்கொண்டார் என்பதும் பொய் இல்லை.

இப்படியே எட்டு வருஷம் போனது. பாப்பா பிளஸ் டூ எழுதி, எங்கள் காட்டுப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் எடுக்காத மார்க் எடுத்தாள். சேலத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்து அட்டை வந்தது. அந்த அட்டையை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, தினம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்த வாரமே மச்சாண்டாரின் கூடப்பிறந்த அக்கா, அதாவது எங்கள் நாத்தனார், திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். அவருடைய மகனுக்கு முப்பது வயதுக்கு மேல். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே ஒவ்வொரு ஊராகப் போய் வருகிறவன். ஏற்கெனவே கல்யாணம் ஆகி, அந்தப் பெண் எட்டு மாதத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் திரும்பவே இல்லை. பேச்செல்லாம் பேசித் தீர்த்து உறவை அறுத்துவிட்டாகிவிட்டது. அவள் போவதற்கு முன் ஒரு விசேஷத்தில் நானும் அக்காவும் அவளைப் பார்த்திருக்கிறோம். மணிக்கட்டு எலும்பு உடைந்து, வைத்தியம் பார்க்காமல் கோணலாகக் கூடியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியில் யாரும் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் தம்பியிடம் வந்து அழுதார் அந்த அம்மா. முறைப்பெண் இருக்கிறாள், கட்டிக்கொடு என்றார். மச்சாண்டார் அரை நாள் யோசித்தார். கூடப்பிறந்தவள் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று சரி சொல்லிவிட்டார். பையன் இப்போது திருந்திவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள், எதிலிருந்து திருந்தினான் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா மூன்று தடவை தன் வீட்டுக்காரரிடம் பேசினாள். மெதுவாக, நிதானமாக, அமைதியாகப் பேசினாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, சரி சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மூன்று தடவையும் வெளியே போனார். பழைய அக்காவாக இருந்தால் அந்த நாத்தனார் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். பையனின் எட்டு மாதமும் ஊர்ச் சபையில் வரிசையாக வந்திருக்கும்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள், ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை அக்கா வகுப்பு முடியும்வரை காத்திருந்து சாமியாரிடம் போனாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"விட்டதத் திருப்பி எடுத்துக்க முடியுமுங்களா சாமி? ஒரு நாளைக்குப் போதுமுங்க. பொறவு மறுபடியும் விட்டர்றேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என்ன விஷயம் என்று முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தனக்காக வருகிற கோபம் வேறு, பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வருகிற கோபம் வேறு, இரண்டாவது குரோதத்தில் சேராது, அதனால் தாராளமாகக் கோபப்படலாம் என்றார்.

"நான் ரெண்டையும் சேத்துத்தானுங்க விட்டேன்" என்றாள் அக்கா. "பிரிச்சுச் சொல்லலீங்களே."

கோபமே இல்லாமலும் உறுதியாகச் சொல்லலாமே, சொல்வதற்குக் கோபம் எதற்கு என்று கேட்டுப் பார்த்தார். கோபம் இல்லாமல் சொன்னால் எங்கள் வீட்டில் காதில் விழுவதில்லை என்றாள் அக்கா. அவருக்குச் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யோசித்து அடுத்த வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னார். அடுத்த வியாழன் நிச்சயத்துக்கு மறுநாள். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கு அது ஒரு கேள்வி, எங்களுக்கு அது பாப்பா.

மறுநாள் காலையில் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். பிரியமாகப் பேசும்போது என்னைச் சாமி என்பாள். இப்படி ஒன்றை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"எனக்குப் பதுலா நீ கோவப்படு சாமி. ஒரே ஒருக்கா. என்ன சொல்லோணும்னு நான் சொல்லித் தாரேன்."

அடுத்த நான்கு நாளும் கொட்டகையில் அவள் எனக்குப் பாடம் சொன்னாள். அவள் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. ரசத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "உங்க அக்கா மகன் கட்டுனவ கை ஏன் கோணலாப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சேதான பெத்த புள்ளைய அங்க தள்ளறீங்க?" இது மச்சாண்டாருக்கு. நாத்தனாருக்கு நாலு வரி, பெரியவர்களுக்கு மூன்று வரி, மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வரி. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்தி முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொன்னாள். நான் மாடுகளைப் பார்த்துத் திரும்பச் சொன்னேன். மச்சாண்டாருக்குச் சொல்லும்போது மரியாதை போட வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, போட்டே சொல்லு, மரியாதையோடு சொன்னால் இன்னும் நன்றாகத் தைக்கும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நான்கு நாளில் நான் அவளிடம் கொண்ட பிரியத்தை அதற்கு முந்தைய வருஷங்களில் கொண்டதில்லை.

பாப்பாவுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்படிக்கு வந்து, "சித்தி, நீங்க சொல்லிருவீங்கல்ல?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடுவேன் என்றேன்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். கொட்டகையில் நாங்கள் பேசிக்கொள்வதை அவரும் கவனித்திருக்கிறார். மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, கை கழுவுவதற்கு முன் சொன்னார். "நாளைக்கு நீ வாயத் தொறந்தீன்னா, ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அப்படியே உங்கொப்பனூட்டுக்குப் போயிரு. திரும்பி வாரத நெனைக்காத." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் பெண். என் அப்பா வீட்டில் அண்ணன் பெண்டாட்டி வைத்ததுதான் சட்டம். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், நீ பேச வேண்டாம் சாமி என்று அவளே என்னை விட்டுவிடுவாள் என்று தெரியும். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தைரியம் வந்தாலும் வரும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் பாய் விரித்து இருபது முப்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தான். பாப்பா உள்ளறையில் ராசிபுரம் பட்டில் இருந்தாள். நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால். எனக்கு எதிரே அடுப்படி வாசலில் அக்கா. அவள் கன்னம் உப்பியிருந்தது. கண்ணை என்மேலேயே வைத்திருந்தாள்.

தட்டு மாற்றுவதற்கு முன் பெரியவர் ஒருத்தர் கேட்டார். "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே? ஊட்டுப் பொம்பளைகளுக்கும்?"

வழக்கமாகக் கேட்பதுதான். கேட்டுவிட்டு ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரம் நிறுத்துவார்கள். அந்த நேரம் எனக்காகவே நின்றது. கதவைத் தாண்டி ஒரு அடி வைத்தால் போதும். முதல் வரி நாக்கில் இருந்தது. மச்சாண்டாரின் முதுகு தெரிந்தது. அதற்கப்பால் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சின்னவள் அவர் மடியில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் மோர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டேன்.

தட்டு மாற்றிய சத்தமும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததும் அங்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். வாயில் தண்ணீர் இல்லை, விழுங்கியிருக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு இலை போட வேண்டும், வா என்றாள். பந்தி முடிந்ததும் எனக்கு முதலில் போட்டுவிட்டு அப்புறம்தான் தான் சாப்பிட்டாள், எப்போதும்போல.

அதற்கப்புறமும் அக்கா என்னிடம் எந்த மாற்றமும் காட்டவில்லை. நான் அவளைப் பார்க்க முடியாமல் தவித்தேன், அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். என் வீட்டுக்காரர் சொன்னதை ஒரு மாதம் கழித்துச் சொல்லி அழுதேன். தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரிடம் எது நடக்கும் என்று அவளுக்குத் தெரியாததா.

பாப்பா வடக்கே போனாள். கடுதாசியில் எப்போதும் நலம், நலமறிய ஆவல். மூன்றாவது வருஷம் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக மண்ரோட்டில் நடந்து வந்தாள். கையில் ஒரு பை. இடது பக்கம் நின்று பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. காதில் விழுந்த அறை ஒன்று போதுமாயிருந்தது என்று டாக்டர் சொன்னார். சாமி படத்துக்குப் பின்னால் அட்டை இருந்தது, அதில் எழுதியிருந்த இடம் வேறு யாருக்கோ போய் எத்தனையோ நாளாகியிருந்தது. மச்சாண்டார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்காமல் நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "விசாரிக்கறதுக்கு இப்பெல்லாம் யாரும் வாரதில்ல" என்றாள்.

சாமியார் இதைக் கேட்டிருந்தால் யோகம் சித்தி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வகுப்புக்கு வருகிறவர்கள் அதற்குத்தானே அத்தனை வருஷம் மூச்சைப் பிடிக்கிறார்கள். எனக்கு அது சித்தியாகத் தெரியவில்லை. தண்ணீரே ஊறாத கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோலப் பயமாக இருந்தது.

பாப்பா வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் மூன்று மணி வெயிலில் நானும் அக்காவும் வேப்பமரத்தடியில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. மச்சாண்டார் வீட்டுப் பக்கம் வருவது குறைந்து திருச்செங்கோட்டில் கோயிலே கதி என்று இருந்த நேரம். எனக்குள் இருந்தது அன்றைக்கு வெடித்துவிட்டது. கடலைக்காயைக் கீழே போட்டுவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை என்னைத் திட்டிவிடு அக்கா என்றேன். மாமியாருக்கு இனி என்ன ஆகப்போகிறது, எந்தப் பிண்டம் எங்கே போகாமல் நிற்கப்போகிறது, ஒரே ஒரு தடவை வாய் நிறையத் திட்டு, நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பஸ் கண்டக்டரைத் திட்டியவள்தானே, நான் செய்தது அதைவிடக் குறைவா என்று கேட்டேன்.

முதலில், உன்னை எதற்குத் திட்ட வேண்டும் என்றாள். நான் காலை விடவில்லை. சரி, இரு என்றாள்.

முறத்தை நகர்த்தி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். உதடு பிரிந்தது, கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கியது. எனக்காக அவள் எவ்வளவு சிரமப்படுகிறாள் என்று தெரிந்தது. காத்திருந்தேன். வேப்பம்பழம் ஒன்று முறத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"வரமாட்டேங்குது சாமி" என்றாள். "அன்னைக்கு உனக்குச் சொல்லிக் குடுத்தனே, அதக்கூட இப்ப நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எல்லாமே மறந்துபோச்சு. உனக்காச்சும் நாவகம் இருக்குதா?"

மச்சாண்டாருக்குச் சொல்ல வேண்டியது, நாத்தனாருக்கு நாலு வரி, பெரியவர்களுக்கு மூன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுவரை ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.